இலக்கணத்துக்கு கோச்சிங்கா, ஃப்ரீ கிளாஸா, வீடியோவா, ஸ்கூல் புக்கா: மலையில இருந்து குரூப் 4 எழுதுறவங்களுக்கு

சித்தி பொண்ணு போன மாசம் கோத்தகிரி வந்திருந்தப்ப ஒரு கேள்வி கேட்டா. "அக்கா, குரூப் 4க்கு எல்லாம் படிச்சிருவேன் போல, இந்த இலக்கணம் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது, கீழ கோயம்புத்தூர்ல கோச்சிங் சேந்துரட்டுமா, இல்ல ஊட்டில ஃப்ரீ கிளாஸ் இருக்காமே அதுக்குப் போகட்டுமா, இல்ல பேசாம வீட்டுல உக்காந்து யூடியூப்லயே பாத்துக்கட்டுமா"ன்னு. அன்னைக்கு அவகிட்ட அரைகுறையா தான் பதில் சொல்ல முடிஞ்சுது, பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு பேர் இதையே கேட்டாங்க, அதனால உக்காந்து முழுசா எழுதிடலாம்னு எழுதுறேன்.

குரூப் 4ங்கறது தமிழ்நாடு அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி வைக்கிற பரீட்சை, நான் அத ரெண்டு தடவ எழுதுனவ. முதல் தடவ கீழ போய் ஹாஸ்டல்ல தங்கி கோச்சிங்ல படிச்சேன், கிடைக்கல. ரெண்டாவது தடவ எஸ்டேட் லைன் வீட்டுல இருந்தே ஸ்கூல் புக்க வச்சுப் படிச்சேன், சனிக்கிழமை மட்டும் ஊட்டிக்குப் போயிட்டு வந்தேன், கிடைச்சுது. அதுக்காக கோச்சிங்கே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். யாருக்கு எது ஒத்து வரும்ங்கறத நான் பட்டத வச்சு சொல்றேன்.

முதல்ல இலக்கணத்துக்கு எவ்வளவு வெயிட் இருக்குன்னு தெரிஞ்சா தான் எவ்வளவு காசு, எவ்வளவு நேரம் போடலாம்னு முடிவு பண்ண முடியும். மொத்தம் 200 கேள்வி, 300 மார்க். அதுல 100 கேள்வி தமிழ், 150 மார்க். தமிழ்ல 40 சதவீதம், அதாவது 60 மார்க் வரலன்னா மீதி 100 கேள்விய திருத்தவே மாட்டாங்க, கணக்குல நீங்க புலியா இருந்தாலும் சரி. இப்ப இருக்குற சிலபஸ்ல தமிழ ஏழு அலகா பிரிச்சிருக்காங்க, முதல் அலகே இலக்கணம், 25 கேள்வி. பிரிச்சு எழுதுறது, சேத்து எழுதுறது, சந்திப்பிழை, ல ள ழ வேறுபாடு, வேர்ச்சொல், வினைமுற்று, பெயரெச்சம், வினையெச்சம், வினையாலணையும் பெயர் இதெல்லாம் அதுல வரும். அது போக எழுதும் திறன்னு 15 கேள்வி, அதுலயும் செய்வினை செயப்பாட்டுவினை, தன்வினை பிறவினைன்னு பாதிக்கு மேல இலக்கணம் தான். ஆக 33 கேள்விக்கு மேல. தரம் பத்தாம் வகுப்பு, அதுக்கு மேல போகாது. இந்த "பத்தாம் வகுப்பு தரம்"ங்கறத மனசுல வச்சுக்கோங்க, முடிவெல்லாம் அதுல தான் போய் நிக்கும்.

சரி, கோச்சிங். எனக்கு அப்ப ஃபீஸ் 14,000, ஹாஸ்டலும் சாப்பாடும் மாசம் 6,000, நாலு மாசம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்து சேத்து வச்ச காசு, அப்பாவோட பிஎஃப் கொஞ்சம். அங்க கணக்கும் பொது அறிவும் நல்லா தான் நடத்துனாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். வாரா வாரம் டெஸ்ட், ஓஎம்ஆர் ஷீட்ல கருப்பு பால்பாயின்ட்ல ஷேட் பண்ணிப் பழகுறது, பக்கத்துல உக்காந்திருக்குறவ என்ன மார்க் எடுத்தான்னு பாத்து நமக்கு வர்ற வேகம், இதெல்லாம் வீட்டுல கிடைக்காது. ஆனா தமிழ் இலக்கணம் மொத்தத்தையும் நாலே கிளாஸ்ல முடிச்சாங்க. நூறு பேருக்கு மேல உக்காந்திருக்குற ஹால், மைக்ல சார் சொல்லச் சொல்ல நாங்க டேபிள் போட்டு எழுதுனோம். வேற்றுமை எட்டு, உருபு என்னென்ன, ஐ, ஆல், கு, இன், அது, கண். பெயர்ச்சொல் ஆறு வகை, பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். எழுதி, மனப்பாடம் பண்ணி, டெஸ்ட்ல அப்படியே ஒப்பிச்சு மார்க்கும் வாங்குனேன். நெசப் பரீட்சையில வந்தது டேபிள் இல்ல, ஒரு வாக்கியம் குடுத்து இதுல எங்க ஒற்றுப்பிழை, அதாவது எங்க க் ச் த் ப் தப்புன்னு கேட்டான், நான் முழிச்சேன். வகைய ஒப்பிக்கத் தெரிஞ்சுது, வாக்கியத்துல அத அடையாளம் கண்டுபிடிக்கத் தெரியல. இலக்கணத்துல நம்ம ஊர் பிள்ளைங்க நெறைய பேர் அடிபடுறது இந்த ஒரு இடத்துல தான்னு நான் நினைக்கிறேன்.

அதனால கணக்குல அடிப்படையே இல்ல, தனியா உக்காந்தா படிக்க வராது, வீட்டுல கொஞ்சம் காசு இருக்கு, கீழ சொந்தக்காரங்க வீடு இருக்குன்னா கோச்சிங் போங்க. தமிழ் வராதுங்கற ஒரே காரணத்துக்காக போகாதீங்க.

அடுத்தது ஊட்டி. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ் மூலமா தன்னார்வ பயிலும் வட்டம்னு நடத்துறாங்க, பிங்கர்போஸ்ட்ல. இது நீலகிரிக்கு மட்டும்னு இல்ல, தமிழ்நாடு முழுக்க வேலைவாய்ப்பு ஆபீஸ்ல இருக்கு, காசு கிடையாது. கொடைக்கானல் பக்கம் இருக்குறவங்களுக்கு இது திண்டுக்கல்ல, மலை இறங்கி போகணும், அது பெரிய கஷ்டம், அவங்க கடைசில நான் சொல்றத பாத்துக்கோங்க. எப்ப பேட்ச் ஆரம்பிக்குதுன்னு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க, நோட்டிஃபிகேஷன் வர்ற சமயத்துல தான் கிளாஸ் சூடு பிடிக்கும்.

கோத்தகிரில இருந்து ஊட்டி 30 கிலோமீட்டர் தான், ஆனா எங்க லைன்ல இருந்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வர்றதே ஒரு வேலை, அங்க இருந்து ஊட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல, மறுபடி பிங்கர்போஸ்ட்டுக்கு. காலைல ஆறரைக்கு கெளம்புனா சாயங்காலம் ஆறுக்கு வீடு. ஐப்பசி கார்த்திகை மழையில ரோட்டுல மரம் விழுந்துச்சுன்னா அன்னைக்கு கிளாஸ் போச்சு. இது தான் அதோட விலை, காசு இல்ல, நேரம். தினமும் போறதுக்கு எனக்கு முடியல, சனிக்கிழமை மட்டும் போனேன். ஆனா அந்த ஒரு நாள் எனக்கு ரொம்ப உதவுச்சு, ஏன்னா அங்க வந்த தமிழ் ஐயாகிட்ட சந்தேகம் கேட்க முடிஞ்சுது. நான் கேட்டதெல்லாம் வாரம் முழுக்க வீட்டுல படிச்சு முட்டி நின்ன இடம், நோட்டுல குறிச்சு வச்சிட்டுப் போவேன். சும்மா போய் உக்காந்திருந்தா இவ்வளவு கிடைச்சிருக்காது.

ல ள ழ விஷயத்த இங்க சொல்லணும். எங்க வீட்டுல யாருக்கும் ழ வராது. தாத்தா காலத்துல சிலோன்ல இருந்து 1964 ஒப்பந்தத்துல வந்த குடும்பம் நாங்க, அதுக்கும் முன்னாடி பூர்வீகம் திருநெல்வேலி பக்கம், வாளப்பளம்னு தான் சொல்லுவோம், மளை பெய்யுதுன்னு தான் சொல்லுவோம். காது கேட்காததை கை எப்படி எழுதும்? எனக்கு கொழுந்துக்கு எந்த ழ ன்னு 22 வயசு வரைக்கும் சந்தேகம், தினமும் அம்மா எடுக்குறது அது தான். ஐயா ஒரு நாள் போர்டுல ரெண்டையும் எழுதுனாரு. கொழுந்துன்னா இலை. கொளுந்துன்னா தீப்பிடிக்குறது, அதுல இருந்து தான் கொளுத்துறது வருது, கொளுந்து தன்வினை, கொளுத்து பிறவினை, திருந்து திருத்து மாதிரி. "உங்க அம்மா பறிக்கிறது ழ, அடுப்புல எரியுறது ள"ன்னு சொன்னாரு. ஒரே அடியில ரெண்டு பாடம், அதுக்கப்புறம் ஒரு நாளும் தப்பு பண்ணல. என் கூட வந்த ஒரு பொண்ணு படுக மொழி பேசுற வீடு, பக்கத்து ஹட்டில, அதாவது படுகர் ஊர்ல இருந்து வருவா, வீட்டுல தமிழே பேச மாட்டாங்க. அவளுக்கு வாயத் திறந்து சொல்லிக் காட்ட ஒரு ஆள் வேணும், நாக்க எங்க மடிக்கணும்னு பாத்து தெரிஞ்சுக்கணும். வீட்டுல வேற மொழி பேசுறவங்களுக்கும், எங்கள மாதிரி ழ வராதவங்களுக்கும் நேர்ல ஒரு கிளாஸ், வாரத்துக்கு ஒரு நாளாவது, கட்டாயம் வேணும்னு தான் சொல்லுவேன். இத வீடியோ குடுக்காது, நம்ம சொல்றது தப்புன்னு வீடியோ நம்மகிட்ட சொல்லாது.

வீடியோன்னதும் யூடியூப்புக்கு வர்றேன். எல்லாரும் முதல்ல கை வைக்கிறது இதுல தான், டவர் கிடைச்சா போதும். நல்லா நடத்துறவங்க இருக்காங்க, ராத்திரி கம்பளிக்குள்ள படுத்துட்டே கேட்கலாம், புரியலன்னா திரும்ப ஓட்டிக் கேட்கலாம், பழைய வினாத்தாள ஒவ்வொண்ணா எடுத்து விளக்குற வீடியோவெல்லாம் எனக்கு நெசமாவே உபயோகமா இருந்துச்சு. பிரச்சனை எங்கன்னா, "இந்த ஒரு ட்ரிக் போதும்"ங்கற வீடியோ தான். ஒண்ணு சொல்றேன். "சொல் அ சத்தத்துல முடிஞ்சா பெயரெச்சம், உ இல்ல இ சத்தத்துல முடிஞ்சா வினையெச்சம்"னு ஒரு ஷார்ட்கட் சுத்திட்டு இருக்கு. பறித்த கொழுந்து, பறித்து வந்தாள், ஓடிப் போனான், ஆமா சரியா தான் இருக்கு. அப்ப "பறிக்கச் சொன்னாள்"ல பறிக்கங்கறது? அ சத்தத்துல தான் முடியுது, ஆனா அது போய் சேர்றது சொன்னாள்ங்கற வினையில, அதனால வினையெச்சம். "பறிக்கும் பெண்"ல பறிக்கும்ங்கறது ம் ல முடியுது, ஆனா பெண்ங்கற பெயர்ல போய் சேருது, பெயரெச்சம். கேள்வி எடுக்குறவங்களுக்கு இந்த ஷார்ட்கட் தெரியும், அது உடையுற இடத்துல தான் கேட்பாங்க. பெயரெச்சம்ங்கற பேர்லயே விடை இருக்கு: எச்சம்னா மிச்சம், முடியாம தொங்குது, பெயர தேடுனா பெயரெச்சம், வினைய தேடுனா வினையெச்சம். கடைசி எழுத்த பாக்காதீங்க, அடுத்து எந்த சொல்ல கையப் புடிக்குதுன்னு பாருங்க. அதனால வீடியோவ ரெண்டாவது கையா வச்சுக்கோங்க, ஒரு பாடத்த புக்ல படிச்சு முடிச்சப்புறம் கேள்வி பழகுறதுக்கு.

கடையில விக்கிற கைடு பத்தி ரெண்டே வரி. எல்லாம் ஒரே இடத்துல இருக்கும், ரிவிஷனுக்கு ஓகே. ஆனா நான் வாங்குன ஒண்ணுல சுடுகாடு பண்புத்தொகைன்னு அச்சடிச்சிருந்துச்சு, அது வினைத்தொகை. தப்பு எது சரி எதுன்னு உங்களுக்கே தெரியுற நெலம வந்தப்புறம் கைடு வாங்குங்க, அதுக்கு முன்னாடி வேணாம்.

இனி ஸ்கூல் புக். ஆறுல இருந்து பத்து வரைக்கும் பாடநூல் கழகத்தோட தமிழ் புக்கு, நெட்ல பிடிஎஃப் ஃப்ரீயா இருக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க முடிச்ச புக்கும் கிடைக்கும். எல்லாரும் "ஸ்கூல் புக் படி"ன்னு தான் சொல்றாங்க, ஆனா எந்த வரிசையில படிக்கிறதுன்னு யாரும் சொல்றதில்ல. நான் முதல்ல பத்தாம் வகுப்ப எடுத்தேன், பரீட்சை தரம் பத்து தானேன்னு. அது தப்பு. பத்துல தொகைநிலைத் தொடர் வரும், அதுக்கு வேற்றுமை தெரியணும், வேற்றுமை எட்டாம் வகுப்புல இருக்கு, அதுக்கு பெயர்ச்சொல் தெரியணும், அது ஆறுல இருக்கு. மேல் படியில ஏறி நின்னு கீழ் படிய தேடுன மாதிரி ஆயிருச்சு.

நால்வகைச் சொல்லையே எடுத்துக்கோங்க. பெயர், வினை, இடை, உரின்னு ஆறாம் வகுப்புல அறிமுகம் மட்டும் இருக்கும், கூடவே பெயர்ச்சொல் வகை. தொழிற்பெயர் ஏழுல. வினைமுற்று, எச்சம், வேற்றுமை எல்லாம் எட்டுல. இடைச்சொல்லும் உரிச்சொல்லும் விரிவா ஒன்பதுல. ஒரே விஷயத்த நாலு வருஷத்துக்கு பரப்பி வச்சிருக்காங்க, பிள்ளைங்களுக்கு அது சரி, நமக்கு அத ஒண்ணா கோக்கணும். நான் பண்ணது, வகுப்பு வாரியா படிக்காம தலைப்பு வாரியா படிச்சேன். ஒரு வாரம் முழுக்க பெயர்ச்சொல், ஆறு, ஏழு, பத்துல எங்கெங்க வருதோ அத்தனையும். அடுத்த ரெண்டு வாரம் வினை. அப்புறம் வேற்றுமை. அதுக்கப்புறம் தான் புணர்ச்சியும் வல்லினம் மிகும் மிகா இடமும், ஏன்னா எங்க க் ச் த் ப் போடணும்ங்கறது அந்த சொல் என்ன சொல்லுன்னு தெரிஞ்சா தான் வரும். தொல்காப்பியத்துலயே சொல்லுன்னா பெயரும் வினையும்னு ரெண்டு தான், இடையும் உரியும் அதுங்கள ஒட்டி வர்றதுன்னு தான் சொல்லிருக்கு. அந்த வரிசையிலயே படிச்சா லேசா இருக்கு. நன்னூல எடுத்து நேரா படிக்கலாமான்னு சில பேர் கேட்பாங்க. ஆசை இருந்தா வேலை கிடைச்சப்புறம் நிதானமா படிங்க, அவ்வளவு அழகான புத்தகம், ஆனா இந்த பரீட்சைக்கு ஸ்கூல் புக்ல வர்ற நூற்பா போதும்.

புக்கு மட்டும் படிச்சா போதுமான்னா, போதாது. அத நம்ம பேச்சோட ஒட்டிப் பாக்கணும். எனக்கு வல்லினம் மிகும் இடம் மொத்தமும் புரிஞ்சது சுடுதண்ணில தான். எங்க வீட்டுல குளிக்க சுடுதண்ணி, குடிக்க பச்சத்தண்ணி, இந்த குளிர்லயும் அப்பாவுக்கு பச்சத்தண்ணி தான் வேணும். ஒரு நாள் அம்மா "சுடுதண்ணி வச்சாச்சு, பச்சத்தண்ணி கலந்துக்கோ"ன்னு சொன்னப்ப காதுல விழுந்துச்சு. சுடுதண்ணி, த் இல்ல. பச்சத்தண்ணி, த் இருக்கு. யாரும் சுடுத்தண்ணின்னு சொல்றதில்ல, யாரும் பச்சதண்ணின்னும் சொல்றதில்ல. புக்க எடுத்துப் பாத்தேன்: வினைத்தொகையில வல்லினம் மிகாது, சுட்ட தண்ணீர், சுடுகின்ற தண்ணீர், சுடும் தண்ணீர், மூணு காலமும் மறைஞ்சு நிக்குது. பண்புத்தொகையில மிகும், பச்சையான தண்ணீர். எங்க அம்மா மூணாவது வரைக்கும் தான் படிச்சவங்க, விதி ஒண்ணு கூட தெரியாது, ஆனா ஒரு தடவ கூட தப்பா சொன்னதில்ல. எனக்கு அன்னைக்கு உடம்பு சிலுத்துருச்சு. நான் நாலு மாசம் காசு கட்டி மனப்பாடம் பண்ணுன விதி எங்க வீட்டு அடுப்படியில தான் இருந்திருக்கு.

அதுக்கப்புறம் தேட ஆரம்பிச்சேன், கொட்டிக் கிடக்குது. வெத்தல பாக்கு, ப் இல்ல, ஏன்னா வெத்தலையும் பாக்கும், உம்மைத்தொகை. வெத்தலப்பெட்டி, ப் இருக்கு, வெற்றிலையை உடைய பெட்டி, வேற்றுமை உருபும் பயனும் மறைஞ்சு நிக்குது. கரடி துரத்துச்சு, எழுவாய், மிகாது. கரடியத் துரத்துனாங்க, ஐ வந்துருச்சு, மிகும். யாரு யாரத் துரத்துனாங்கன்னு அந்த ஒரு த் சேந்து சொல்லிருது. காடுல போகாதன்னு யாராவது சொல்றாங்களா, காட்டுல தான, வீடு வீட்டுல ஆகுற மாதிரி, அங்க ட இரட்டிக்குது, அதே விதி தான் காட்டுமாடுலயும். ஊட்டி வர்க்கி ஊட்டியில் செய்யப்படும் வர்க்கி, ஏழாம் வேற்றுமை. கொடைக்கானல் காரங்களுக்கு மலைப்பூண்டு, மலையில் விளையும் பூண்டு, அதுவும் ஏழு தான், ப் எப்படி வந்துச்சு பாருங்க. எல்லா இடத்துலயும் காத நம்ப முடியாது, பேச்சுல விழுங்கிர்ற எழுத்தும் இருக்கு, அந்த இடத்துக்கு புக்கு வேணும். ஆனா முக்காவாசி விதிய காது ஏற்கனவே வச்சிருக்கு.

சித்தி பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அவ படிச்சது இங்கிலீஷ் மீடியம், பிஎஸ்சி. இங்கிலீஷ் மீடியம் படிச்சவங்க எல்லாருக்கும் வர்ற சிக்கல் ஒண்ணு அவகிட்டயும் இருக்கான்னு பாக்க அன்னைக்கு ஒரு சின்ன டெஸ்ட் வச்சேன். "உன் கண்ணு முன்னாடி நடந்தத ஒரு வரி எழுது"ன்னேன். அவ எழுதுனா: அம்மா நனைந்த கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு மெதுவாக வந்தார். "இப்ப ஒவ்வொரு சொல்லும் என்னன்னு எழுது"ன்னேன். அம்மா பெயர், சரி. நனைந்த, உரிச்சொல்னு எழுதுனா. ஏன்டினு கேட்டா, "அட்ஜெக்டிவ் தானக்கா"ங்கறா. இது தான் அந்த சிக்கல். இங்கிலீஷ்ல எட்டு வகை, தமிழ்ல நாலு, எட்ட எடுத்து நாலுல திணிக்கப் பாத்தா நிச்சயம் தப்பாகும். உரிச்சொல்லுன்னா சால, உறு, தவ, நனி, கூர், கழி மாதிரி செய்யுள்ல வர்றது, இன்னைக்கு பேச்சுல மாநகரம், மாமழைன்னு அங்கங்க மிச்சம் இருக்கு. நனைந்தங்கறது நனைங்கற வினையில இருந்து வந்து கொழுந்துங்கற பெயர தேடுது, பெயரெச்சம். கொழுந்தைல இருக்குற ஐ, கூடையில்ல இருக்குற இல், மெதுவாகல இருக்குற ஆக, இதெல்லாம் இடைச்சொல், தனியா நிக்காது. போட்டுவிட்டு வினையெச்சம், அதுல விடு துணைவினை. வந்தார் வினைமுற்று. "அப்ப இதுல உரிச்சொல் எங்கக்கா"ன்னு கேட்டா. இல்லடா, எல்லா வாக்கியத்துலயும் நாலும் இருக்கணும்னு சட்டமில்ல.

இன்னொண்ணும் அவ கேட்டா, எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி. "நம்ம வீட்டுல அம்மா வந்துச்சுன்னு தானக்கா சொல்லுவோம், அது தப்பா?" பரீட்சையில அது திணை வழு, அம்மா உயர்திணை, வந்துச்சு அஃறிணை. ஆனா பத்தாம் வகுப்புல வழுவமைதின்னு ஒரு பகுதி இருக்கு. பசுவப் பாத்து ஆசையில "என் அம்மை வந்தாள்"னு சொன்னா, மாட்ட உயர்திணையில சொன்னாலும் அது தப்பில்ல, உவப்புனால சொன்னதுன்னு இலக்கணமே ஏத்துக்குது. மாட்ட அம்மான்னு கூப்புடுற அன்புக்கு இலக்கணத்துல இடம் இருக்கு. நாம அம்மாவ வந்துச்சுங்கறதும் அன்புல தான். ஆனா விடைத்தாள்ல வந்தார்னு தான் ஷேட் பண்ணணும், அதுல சந்தேகம் வேணாம்.

இந்த டெஸ்ட்ட நீங்களும் வச்சுக்கலாம், எதுல சேர்றதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி. அன்னைக்கு நடந்தத பத்து வரி எழுத்துத் தமிழ்ல எழுதுங்க, ஒவ்வொரு சொல்லையும் பிரிச்சு பேர் போடுங்க, புக்க வச்சு நீங்களே திருத்துங்க. ல ள ழ, ன ண தப்பு நெறைய வந்தா உங்களுக்கு ஆள் வேணும், ஊட்டி கிளாஸ், இல்லன்னா பக்கத்துல இருக்குற ஒரு தமிழ் ஐயா, தமிழம்மா, கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. கொடைக்கானல் பக்கம் இருக்குறவங்களுக்கும் இது தான் வழி, அதுக்காக தினம் மலை இறங்க வேண்டியதில்ல. சொல்லோட பேரு தெரியல, எது எச்சம் எது முற்றுன்னு குழப்பம்னா ஆள் வேணாம், எட்டாம் வகுப்பு புக்கு வேணும். எல்லாம் தெரியுது ஆனா நேரம் பத்தல, நாலு விடையில ரெண்டுல தடுமாறுதுன்னா பழைய வினாத்தாளும் வீடியோவும். எதுவுமே எழுத உக்கார முடியல, மனசு நிக்கலன்னா அப்ப தான் கோச்சிங், அதுவும் இலக்கணத்துக்கு இல்ல, பக்கத்துல நாலு பேர் உக்காந்து படிக்கிறதுக்காக.

அவ பத்து வரியில ழ ஒரே ஒரு தடவ தான் தப்பு, ஆனா எச்சம் மொத்தமும் தப்பு. அதனால கோயம்புத்தூர் வேணாம்னு சித்திகிட்ட நானே பேசுனேன், அந்த காச அப்படியே வைங்க, நோட்டிஃபிகேஷன் வந்தப்புறம் கணக்குக்கு வேணும்னா ரெண்டு மாச டெஸ்ட் பேட்ச் மட்டும் பாத்துக்கலாம்னேன். இப்ப சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஸ்கூல் புக்கு, மாசத்துல ரெண்டு சனிக்கிழமை ஊட்டி, 2024ல இருந்து மலை ரூட்லயும் பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பஸ் வந்ததுனால அந்த செலவும் குறைஞ்சிருச்சு. தினமும் ராத்திரி ஒரு வரி எழுதி எனக்கு அனுப்புறா, நான் திருத்தி அனுப்புறேன். நேத்து அனுப்புனது: கரண்ட் போன வீட்டில் பாட்டி சுடுதண்ணீர் வைத்தார். போன பெயரெச்சம், சுடுதண்ணீர் வினைத்தொகை, வைத்தார் வினைமுற்றுன்னு அவளே கீழ எழுதிருந்தா, மூணும் சரி. வீட்டில்ங்கறதுக்கு மட்டும் ஆறாம் வேற்றுமைன்னு போட்டுட்டா, அது ஏழு, இந்த வாரம் மறுபடி வேற்றுமையில இருந்து ஆரம்பிக்கணும்.